வட்டி ஏறிய வருடங்களில் ரவுண்ட்ஸ் மேடம்

எங்கள் கட்டடத்தில் அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. வாசல் காவலாளியிலிருந்து ஆறாம் மாடிக் காப்பீட்டு நிறுவனத்து அதிகாரி வரை எல்லோருக்கும் அவர் 'ரவுண்ட்ஸ் மேடம்'தான். எட்டு மாடிகள், இரண்டு லிஃப்டுகள், தரைக்கு அடியில் கார் நிறுத்துமிடம், மொட்டை மாடியில் கட்டடம் முழுவதையும் குளிர்விக்கிற ராட்சத ஏசி இயந்திரங்கள். இத்தனைக்கும் அவர்தான் மேலாளர். தரைத்தளத்தில் அவருக்கென்று ஓர் அறையும் நல்ல நாற்காலியும் கொடுத்திருந்தார்கள். நாற்காலியில் அவருடைய கைப்பை உட்கார்ந்திருக்கும். அவர் ஏதாவது ஒரு மாடியில் நடந்துகொண்டிருப்பார்.

நான் முதல் மாடியில் பல் கிளினிக் வைத்திருக்கிறேன். குழாயில் தண்ணீர் வரவில்லை என்று போன் செய்தால், போனை வைப்பதற்குள் வாசலில் வந்து நிற்பார். "எந்தக் குழாய் டாக்டர்?" என்பதுதான் அவருடைய வணக்கம். ஐம்பதைத் தாண்டிய உடம்பு, குட்டையான தலைமுடி, காலில் எப்போதும் ஓட்டக்காரர்கள் போடுகிற காலணி. வருடக்கணக்காக எங்களுக்குள் இருந்த பேச்சு குழாயும் விளக்கும்தான். அவர் வாழ்க்கையைப் பற்றி எனக்குத் தெரிய வந்ததற்குக் காரணம் ஒரு கடைவாய்ப் பல்.

அந்தப் பல் விரிசல் விட்டு வலி தாங்காமல் வந்தார். வாயைத் திறந்து பார்த்தேன். விரிசல் ஒரு பல்லில்தான். ஆனால் இரண்டு பக்கமும் எல்லாக் கடைவாய்ப் பற்களும் தேய்ந்து, மேல்பகுதி தட்டையாகிக் கிடந்தது.

"தூக்கத்துல பல்லைக் கடிக்கிறீங்களா மேடம்?"

"தூக்கம் வந்தாத்தானே டாக்டர். பகல்லயே கடிக்கிறேன்."

"என்ன அப்படி ஒரு கவலை?"

ஊசி போட்டுத் தாடை மரத்துப்போகும்வரை காத்திருக்க வேண்டும். அந்த இடைவெளியில்தான் சொல்ல ஆரம்பித்தார். வாய் கோணிப்போன பிறகும் நிறுத்தவில்லை. மீதியை அடுத்தடுத்த சிகிச்சைகளில் சொன்னார். நான் கேட்டதையும் பிறகு கண்ணால் பார்த்ததையும் சேர்த்துத்தான் இங்கே சொல்கிறேன்.

எங்கள் கட்டடம் ஒரு தனி மனிதருக்குச் சொந்தமானதல்ல. அதன் உரிமை ஒரு ரியல் எஸ்டேட் முதலீட்டு நிறுவனத்திடம் இருந்தது. 'ரீட்' என்று சுருக்கமாகச் சொல்வார்கள். ஆயிரக்கணக்கான பேரிடம் பணம் திரட்டி, அதோடு வங்கியில் கடனும் வாங்கி, பெரிய பெரிய அலுவலகக் கட்டடங்களை வாங்கிப்போடுவார்கள். வருகிற வாடகையில் செலவும் வட்டியும் போக மிச்சத்தை மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பணம் போட்டவர்களுக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். போட்ட பணத்துக்கு 'யூனிட்' கிடைக்கும். கம்பெனிப் பங்கைப் போலவே அதைச் சந்தையில் வாங்கலாம், விற்கலாம்.

மேடம் அந்த நிறுவனத்தின் சம்பளக்காரர். சம்பளத்தில் மிச்சம் பிடித்ததையெல்லாம் அந்த நிறுவனத்தின் யூனிட்டாகவே வாங்கி வைத்திருந்தார். கட்டடம் நிரம்பி வழிகிறது, வாடகை தேதி தவறாமல் வருகிறது என்பதைத் தினமும் கண்ணால் பார்க்கிறவருக்கு வேறு எதில் நம்பிக்கை வரும்? "நான் பெருக்கச் சொல்ற தரையில ரெண்டு ஓடு எனக்கும் சொந்தம்" என்று வீட்டில் பெருமை பேசுவாராம். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் அவருடைய கணவர், "அந்த ரெண்டு ஓட்டையும் பேத்துக் கொண்டு வந்துடேன், நம்ம குளியலறையில போட்டுக்கலாம்" என்பாராம்.

அதோடு நின்றிருந்தால் பல் தேய்ந்திருக்காது. அவருக்கு ஓர் அக்கா உண்டு. கணவர் இறந்த பிறகு ஜெராக்ஸ் கடை நடத்தித் தனியாகவே காலம் தள்ளியவர். முழங்கால் வலி அதிகமாகி நிற்க முடியாமல் போனதும் கடையை அறையோடு விற்றுவிட்டார். கையில் மொத்தமாகப் பணம் வந்தது. வங்கியில் போடலாம் என்றால் அப்போது வங்கி வட்டி அடிமட்டத்தில் கிடந்தது. தங்கை சொன்னார்: "பேங்க்ல என்ன கிடைக்கும்? எங்க ரீட்ல போடு. அதுல பாதி கூட பேங்க் தரமாட்டான்." அக்கா மறுபேச்சுப் பேசவில்லை. மொத்தத்தையும் போட்டார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்த பணத்தில்தான் அவருடைய வீட்டு வாடகையும் மருந்தும் ஓடின.

இரண்டு வருடம் நன்றாக ஓடியது. அதற்குப் பிறகு விலைவாசி கண்டபடி ஏற, அதைக் கட்டுப்படுத்த மத்திய வங்கி வட்டியை ஏற்றத் தொடங்கியது. முதல் தடவை ஏற்றியபோது மேடம் செய்தியைக் கேட்டுவிட்டு லிஃப்ட் சரிபார்க்கப் போய்விட்டார். இரண்டாம் தடவையும் அப்படித்தான். மூன்றாம் தடவை ஏற்றிய அன்று யூனிட் விலையைப் பார்த்தார். நூறு கொடுத்து வாங்கியது எண்பத்தைந்தில் நின்றது.

அவருக்குப் புரியவில்லை. கட்டடம் காலியில்லை. ஒரு வாடகைக்காரர்கூடப் போகவில்லை. கண்ணாடி ஒன்று உடையவில்லை. பிறகு எப்படி விலை இறங்கும்? கணவரிடம் கேட்டிருக்கிறார். கடையில் ஒரு கண்ணாடிக்குத் திருகாணி மாட்டிக்கொண்டே அவர் சொன்னாராம்: "பேங்க்லயே இப்போ நல்ல வட்டி தர்றான். வீட்ல காலை நீட்டி உட்கார்ந்தே வாங்கிக்கலாம். அப்புறம் உன் கட்டடத்தை நம்பி எவன் பழைய விலைக்கு வருவான்? விலையைக் குறைச்சாத்தான் வருவான்."

இவ்வளவு எளிதாக அவர் சொன்னதுதான் மேடத்துக்கு எரிச்சல். அன்றிலிருந்து போனில் விலை பார்ப்பது ஒரு வியாதியானது. படிக்கட்டில் ஏறும்போது பார்ப்பார். இறங்கும்போது பார்ப்பார். லிஃப்டுக்குள் சிக்னல் போகுமென்று லிஃப்டில் ஏறுவதையே விட்டுவிட்டார். நான் அதைப் பார்த்து, உடம்பைக் குறைக்கிறார் போல என்று நினைத்திருக்கிறேன்.

அடுத்து வந்தது அவர் எதிர்பார்க்காத பக்கத்திலிருந்து. நிறுவனம் வங்கியில் வாங்கியிருந்த கடனில் பெரும்பகுதி, சந்தைக்கு ஏற்ப வட்டி மாறுகிற வகை. வட்டி குறைவாக இருந்த காலத்தில் அது லாபமாக இருந்தது. இப்போது வாடகை அதே வாடகைதான், ஆனால் வட்டி அதில் பெரிய துண்டாகக் கடித்துக்கொண்டு போனது. மிஞ்சியதைத்தான் பிரிக்க முடியும். அந்தக் காலாண்டில் அக்காவுக்கு வந்த தொகை கால்வாசி குறைந்திருந்தது.

அக்கா போன் செய்தார். "ஏண்டி, இந்தத் தடவை கொஞ்சம் கம்மியா வந்திருக்கு. பாக்கி அப்புறம் வருமா?"

மேடம் அப்போது கார் நிறுத்துமிடத்தில் இருந்தார். இரண்டு தூணைத் தாண்டி நடந்தார்.

"பாக்கின்னு எதுவும் இல்ல அக்கா. இவ்வளவுதான்."

"அப்படியா. சரி, நீ சாப்பிட்டியா?"

அக்கா திட்டியிருந்தால் தேவலை என்று என்னிடம் சொன்னார். "அவ திட்டுனா நானும் பதிலுக்கு ரெண்டு சொல்லிட்டு நிம்மதியா இருப்பேன். சாப்பிட்டியான்னு கேட்டா நான் என்ன பண்றது?"

இதற்கு நடுவில் கோடைக்காலம் வந்தது. மொட்டை மாடியில் இருந்த இரண்டு ஏசி இயந்திரங்களில் ஒன்றுக்கு ஆயுள் முடிந்துவிட்டது. போன வருடமே அதை மாற்றியாக வேண்டும் என்று மேடம் தலைமை அலுவலகத்துக்கு எழுதியிருந்தார், அவர்களும் சரி என்றிருந்தார்கள். இப்போது பதில் மாறிவிட்டது. 'இந்த வருடம் பெரிய செலவு எதுவும் வேண்டாம். பழுதுபார்த்துச் சமாளியுங்கள்.'

சமாளித்தார். மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு தினமும் மொட்டை மாடிக்கு ஏறினார். இயந்திரம் ஒரு நாள் ஓடும், இரண்டு நாள் படுத்துக்கொள்ளும். மேல் மாடிகளில் ஜன்னலைத் திறக்க முடியாது, எல்லாம் மூடிய கண்ணாடி. என் கிளினிக்கிலேயே நோயாளியின் நெற்றியைவிட என் நெற்றிதான் அதிகம் வியர்த்தது. ஆறாம் மாடிக் காப்பீட்டு அலுவலகத்தில் ஒரு பெண் மயங்கி விழுந்தார். அந்த அலுவலகத்தின் அதிகாரி ஒரு பெண்மணி, குரலை உயர்த்தாதவர். மேடத்தைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். மேடம் உட்காரவில்லை.

"உங்க மேல எனக்குக் கோபமில்ல மேடம். நீங்க ஓடுறதைத் தினமும் பாக்குறேன். ஆனா எங்க ஒப்பந்தம் இந்த வருஷம் முடியுது. நாங்க வேற இடம் பாத்துட்டோம்."

"புது மெஷின் வந்துட்டா?"

"வருமா?"

காப்பீட்டு நிறுவனம் ஆறு, ஏழு என்று இரண்டு மாடிகளை வைத்திருந்தது. கட்டட வாடகையில் கால்வாசி அவர்களுடையது.

விரிசல் விட்ட பல்லோடு அவர் என்னிடம் வந்தது அந்த வாரத்தில்தான். பல்லுக்கு மேல் தொப்பி போடுவதற்காக அளவெடுத்துக்கொண்டிருந்தேன். அளவுப் பசை வாயில் இருக்கும்போது பேசக்கூடாது என்று சொல்லியும் கேட்கவில்லை. பசையை எடுத்ததும் கொட்டிவிட்டார்.

"மெஷினுக்குப் பணம் கொடுங்கன்னு நான்தான் டாக்டர் எழுதுறேன். கொடுத்தா அடுத்த தடவை அக்காவுக்கு இன்னும் குறையும்னு நான்தான் பயப்படுறேன். கொடுக்கலன்னா ஆளுங்க காலி பண்றாங்க, அப்பவும் அக்காவுக்குத்தான் குறையும். எந்தப் பக்கம் திரும்பினாலும் நானே நிக்கிறேன்."

"எல்லாத்தையும் வித்துட்டா என்ன?"

"இப்போ எழுபதுல இருக்கு. வித்தா முப்பது போனது போனதுதான். நான் வித்துட்டுப் போயிடுவேன். அக்காகிட்ட எந்த முகத்தோட போய் சொல்றது, முப்பதைக் காணோம்னு?"

எனக்கும் கிளினிக் நாற்காலிகள் வாங்கிய கடன் ஒன்று இருந்தது. அதன் தவணையும் ஏறியிருந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை. அவர் அதற்கும் சேர்த்துக் கவலைப்படுவார்.

அக்காவுக்கு அடுத்த இடி வீட்டுக்காரர் ரூபத்தில் வந்தது. அவர் வங்கிக் கடனில் அந்த வீட்டை வாங்கி வாடகைக்கு விட்டிருந்தவர். தவணை ஏறிவிட்டதாம், வாடகையை ஏற்றினால்தான் தனக்குக் கட்டுப்படியாகும் என்று தயங்கித் தயங்கிச் சொன்னாராம். ஒரே வட்டி அக்காவின் வரவையும் குறைத்தது, செலவையும் கூட்டியது. செய்தி கேட்ட மேடம் தன் வீட்டில் ஒரு அறையை ஒழிக்க ஆரம்பித்தார். கண்ணாடிச் சட்டங்கள் அடுக்கிய பெட்டிகளைக் கூடத்துக்கு மாற்றினார். மறுநாள் மறுபடி அறைக்கே மாற்றினார், அக்கா வரமாட்டாள் என்று தோன்றியதால். பிறகு மறுபடி கூடத்துக்கு. கணவர் மூன்றாவது தடவை பெட்டி தூக்கும்போதுதான் வாயைத் திறந்தார்: "அம்மா தாயே, சட்டம் எல்லாம் வளைஞ்சிடும். முதல்ல அக்காவைக் கேளு."

அந்தச் சமயத்தில்தான் யூனிட் வைத்திருப்பவர்களின் வருடாந்திரக் கூட்டம் வந்தது. ஒரு ஹோட்டலின் பெரிய அறையில் நடந்தது. ஊழியர்கள் போகக்கூடாது என்று சட்டமில்லை, ஆனால் யாரும் போவதில்லை. மேடம் லீவு போட்டுவிட்டு யூனிட்காரராகப் போனார். அக்காவும் வருகிறேன் என்று கிளம்பிவிட்டார். "என் பணத்தை வச்சிருக்கிறவங்க மூஞ்சியை ஒரு தடவை பாத்துடுறேன்" என்றாராம்.

மேடையில் நிதி அதிகாரி பேசினார். இளைத்த மனிதர், கழுத்துப்பட்டை தளர்ந்து தொங்கியது. பிரித்துக் கொடுக்கும் பணம் குறைந்ததற்குக் காரணம் சொல்லிவிட்டு, இன்னொரு செய்தியும் சொன்னார். கட்டடங்களின் மதிப்பை வருடாவருடம் கணக்கிடுவார்கள். வட்டி ஏறினால் அந்த மதிப்பும் இறங்கும். சொத்தின் மதிப்பில் இவ்வளவுக்கு மேல் கடன் இருக்கக்கூடாது என்று வரம்பு உண்டு. கடன் அப்படியே இருக்க, மதிப்பு இறங்க இறங்க, நிறுவனம் வரம்பை நெருங்கிவிட்டது. ஒன்றிரண்டு கட்டடங்களை விற்றுக் கடனை அடைக்க வேண்டியிருக்கும்.

கேள்வி நேரம் வந்ததும் மேடம் எழுந்து மைக் வாங்கினார். வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகை பார்த்தது எல்லாம் மறந்துபோனது. ஏசி இயந்திரத்தில் ஆரம்பித்து, கடனுக்குத் தாவி, ஆறாம் மாடிக்குப் போய், கடைசியில் ஒருவழியாகக் கேட்டார்: "வட்டி கம்மியா இருந்தப்பவே, மாறாத வட்டிக்குக் கடனை மாத்தியிருக்கலாமே சார்? ஏன் மாத்தல?"

அறையில் சிலர் கை தட்டினார்கள். நிதி அதிகாரிக்கு அவர் யாரென்று தெரியும். அதைக் காட்டிக்கொள்ளவில்லை.

"நியாயமான கேள்வி. மாறாத வட்டி அப்போ கொஞ்சம் அதிகம். அதுக்கு மாத்தியிருந்தா அந்த ரெண்டு வருஷமும் உங்களுக்குக் கொடுத்தது குறைஞ்சிருக்கும். இதே அறையில, இதே மாதிரி எழுந்து, ஏன் குறைச்சீங்கன்னு கேட்டிருப்பீங்க. அதுக்குப் பயந்தோம். வட்டி இவ்வளவு வேகமா ஏறும்னு நாங்க நினைக்கல. எங்க கணிப்பு தப்பு."

அந்த இரண்டு வருடமும் வந்த பணத்தை எண்ணி எண்ணிச் சந்தோஷப்பட்டவர்களில் தானும் ஒருத்தி என்பது அந்த நொடியில் மேடத்துக்கு உறைத்தது. மைக்கைக் கொடுக்கப் போனார். பக்கத்திலிருந்த அக்கா அதை வாங்கிக்கொண்டார். எழுந்திருக்கவில்லை, முழங்கால் விடாது.

"தம்பி, இது எப்போ சரியாகும்?"

நிதி அதிகாரி காகிதத்தைப் பார்த்தார். பிறகு அதை மூடினார்.

"எனக்குத் தெரியாதும்மா. வட்டி எப்போ இறங்கும்னு யாருக்கும் தெரியாது. தெரியும்னு சொன்னா நான் பொய் சொல்றேன்னு அர்த்தம்."

"சரிப்பா" என்று அக்கா மைக்கைத் திருப்பிக் கொடுத்தார்.

திரும்பி வரும்போது டாக்சியில் மேடம் வழியெல்லாம் பொரிந்து தள்ளியிருக்கிறார். தெரியாது என்று சொல்லவா இவ்வளவு சம்பளம் வாங்குகிறார் என்று. அக்கா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். இறங்கும்போது, "அந்தப் பையன் சரியா சாப்பிடறதில்லடி. கழுத்தைப் பாத்தியா?" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த மாதம் மேடம் ஒரு முடிவோடு அக்கா வீட்டுக்குப் போனார். அறை தயார். அக்கா வந்துவிட வேண்டியதுதான், மறுப்புச் சொன்னால் அழுதாவது கூட்டிவருவது என்று தீர்மானம். வாசலிலேயே ஆரம்பித்தார். அக்கா அவருக்குக் காபி கலந்து கொடுத்துவிட்டு, நிதானமாகச் சொன்னார்.

"நான் பாதியை வித்துட்டேன்."

"எதுல பாதி?"

"உன் ரீட்லதான். வித்து பேங்க்ல போட்டுட்டேன். இப்போதான் நல்ல வட்டி தர்றானே. வாடகைக்கு அது போதும். மீதிப் பாதி அங்கயே கிடக்கட்டும், வந்தா வரட்டும்."

மேடம் காபியைக் கீழே வைத்தார். "எப்போ?"

"அந்தக் கூட்டத்துக்கு மறுநாள். இத்தனை நாள்ல நான் கேட்ட எல்லாரும் சரியாயிடும் சரியாயிடும்னுதான் சொன்னாங்க, நீயும் சேர்த்து. அந்தப் பையன் ஒருத்தன்தான் தெரியாதுன்னான். அவ்வளவு பெரிய ஆளுக்கே தெரியாதுன்னா, மொத்தத்தையும் அங்க வச்சுட்டு நான் எதுக்குக் காத்திருக்கணும்?"

"நஷ்டத்துல வித்திருக்கியே அக்கா."

"ஆமா. நஷ்டம்தான். அது உன்னோட நஷ்டமா? என்னோடது. நான் பாத்துக்கிறேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா என்ன பண்ணுவ? விக்காதேன்னு காலையில சொல்லுவ, வித்துடுன்னு சாயங்காலம் சொல்லுவ. எனக்கு முழங்கால் வலி போதும், தலைவலி வேற எதுக்கு?"

மேடம் அழுதார். அழுதது எதற்கு என்று அவருக்கே தெளிவில்லை. அக்காவின் வாடகைக்கு வழி பிறந்துவிட்டது, அது நிம்மதி. மாதக்கணக்கில் பல் தேயக் கவலைப்பட்ட காரியத்தை அக்கா ஒரே நாளில், ஒரு வங்கிக்கு ஆட்டோவில் போய் முடித்துவிட்டு வந்துவிட்டார், அது வருத்தம். "அவளுக்காக நான் பட்டதெல்லாம் அவளுக்குத் தேவையே இல்லையோன்னு ஆயிடுச்சு டாக்டர்" என்று என்னிடம் சொன்னார். நான் அவரை வாயைத் திறக்கச் சொன்னேன். அவருடைய பல்லில் தொப்பியைப் பொருத்தி அழுத்திப் பிடித்தேன்.

விற்கப்படும் கட்டடங்களில் எங்களுடையதும் ஒன்று என்ற செய்தி அதற்குச் சில வாரம் கழித்து வந்தது. இரண்டு மாடி காலியாகி, ஒரு இயந்திரம் செத்துக் கிடந்த கட்டடம். வாங்கியது ஓர் ஓய்வூதிய நிதியம். ஆசிரியர்களின் சேமிப்பைப் பாதுகாக்கிற அமைப்பு. கடன் வாங்காமல் கைப்பணத்தில் வாங்கினார்கள், அதனால் வட்டி ஏறினாலும் இறங்கினாலும் அவர்களுக்கு ஒன்றுதான். மற்றவர்கள் கடன் சுமையில் விற்கிற காலம் அவர்களுக்கு வாங்குகிற காலமாக இருந்தது. நல்ல விலைக்குக் குறைவாகத்தான் கொடுத்தார்கள்.

கைமாறும் வாரம் மேடத்துக்குக் கால் தரையில் பாவவில்லை. புதியவர்களின் ஆட்கள் நாலைந்து பேரை ஒவ்வொரு அறையாக அழைத்துப்போனார். எந்தச் சாவி எந்தப் பூட்டுக்கு, எந்த வால்வைத் திருப்பினால் எந்த மாடிக்குத் தண்ணீர் நிற்கும், மழைக்கு எந்தச் சுவர் கசியும். குறைகளை மறைக்காமல் சொன்னார். கசியும் சுவரைக் காட்டியபோது பழைய நிறுவனத்துக்காரர் ஒருவர் முழங்கையால் இடித்தாராம். "அது அவங்களுக்கு மழை பேஞ்சா தெரிஞ்சுடும் சார்" என்றார் மேடம்.

பழைய நிறுவனம் அவரை விட்டுவிடவில்லை. தூரத்து ஊரிலுள்ள இன்னொரு கட்டடத்துக்கு மேலாளராகப் போகச் சொன்னது, பதவி உயர்வோடு. கூட்டத்தில் கேட்ட கேள்விக்குப் பழிவாங்குவார்கள் என்று பயந்திருந்தவருக்கு இது ஆச்சரியம். நிதி அதிகாரியே சிபாரிசு செய்தாராம். அதே சமயம் ஓய்வூதிய நிதியமும் இங்கேயே இருக்க முடியுமா என்று கேட்டது, கொஞ்சம் குறைந்த சம்பளத்தில். மேடம் ஒரு வாரம் முழுக்க இரண்டுக்கும் சரி என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு அலைந்தார். கணவரைக் கேட்டார். "எனக்கு இங்கதான் கடை. உனக்கு எங்க வேணும்னாலும் நடக்கத் தெரியும். நீயே சொல்லு" என்றார் அவர். என்னைக் கேட்டார். காவலாளியைக் கேட்டார். அக்காவை மட்டும் கேட்கவில்லை. அக்கா தானாகவே போன் செய்து, "போகணும்னா போ. எனக்காக இருக்காதே" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அவர் இங்கேயே இருந்தார். அக்காவுக்காக இல்லை என்றுதான் சொன்னார். புதியவர்கள் வாங்கும் புது ஏசி இயந்திரம் வரப்போகிறது, அது மேலே ஏறுவதைப் பார்க்காமல் போக மனசு வரவில்லை என்றார். அதில் எவ்வளவு நிஜமோ எனக்குத் தெரியாது. ஆனால் கிரேன் அந்த இயந்திரத்தைத் தூக்கிய ஞாயிற்றுக்கிழமை, லீவு நாளாக இருந்தும் விடியற்காலையிலேயே வந்து தெருவில் நின்றார்.

தன்னுடைய யூனிட்டுகளை அவர் விற்கவே இல்லை. இப்போது நிலைமை விசித்திரமாகிவிட்டது. அவர் பார்த்துக்கொள்கிற கட்டடத்தில் அவருக்கு ஓர் ஓடுகூடச் சொந்தமில்லை. அவருக்குச் சொந்தமான கட்டடங்களை அவர் பார்த்ததே இல்லை. நிறுவனம் இரண்டு கட்டடத்தை விற்றுக் கடனைக் குறைத்த பிறகு மூச்சுவிட்டது. மத்திய வங்கி வட்டி ஏற்றுவதை நிறுத்தியது. ஒரு வருடம் கழித்துக் கொஞ்சம் இறக்கவும் செய்தது. யூனிட் விலை எண்பதைத் தொட்டது. நூறுக்கு இன்னும் வரவில்லை. வருமா என்று கேட்டால் மேடம் மாடிப்படியில் ஏறிவிடுவார்.

வட்டி இறங்கியதில் நஷ்டம் இந்த முறை அக்காவின் டெபாசிட்டுக்கு. அதன் காலம் முடிந்து புதுப்பிக்கப் போனால், வங்கி முன்பு கொடுத்த வட்டியைத் தரமாட்டேன் என்றது. அக்கா வீடு திரும்பாமல் வங்கியிலிருந்து நேராக எங்கள் கட்டடத்துக்கு வந்துவிட்டார். மேடம் எட்டாம் மாடியில் இருந்ததால் என் கிளினிக்கில் உட்கார்ந்தார். அவரை நான் நேரில் பார்த்தது அன்றுதான். ஒல்லியான, விறைப்பான பெண்மணி. சிரிக்கும்போது கையால் வாயை மறைத்துக்கொண்டார். மேல்வரிசையில் முன்பல் இரண்டு இல்லை.

மேடம் இறங்கி வந்ததும் விவாதம் தொடங்கியது. பழையபடி டெபாசிட்டா, மறுபடி ரீட்டா, இரண்டிலும் பாதியா. மேடம் நின்றுகொண்டே பேசினார். அக்கா உட்கார்ந்துகொண்டே மறுத்தார். என் நோயாளிகள் இருவர் தங்கள் வலியை மறந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். கடைசியில் அக்கா என் பக்கம் திரும்பினார்.

"டாக்டர், ரெண்டு பல் கட்ட எவ்வளவு ஆகும்?"

சொன்னேன்.

"அதைக் கட்டிடுங்க. மீதியை எங்க போடலாம்னு இவ இன்னும் ரெண்டு வருஷம் யோசிக்கட்டும்."

"அக்கா, அது உன் வாடகைப் பணம்" என்றார் மேடம்.

"இத்தனை வருஷம் வாடகைப் பணம், மருந்துப் பணம்னு மூடிக்கிட்டே இருந்துட்டேன். இந்தா, கையை வாய்ல வச்சு வச்சே பாதி ஆயுசு போயிடுச்சு."

நாற்காலியில் உட்காரவைத்து, பல்லின் நிறம் பார்க்கிற மாதிரித் துண்டுகளைக் காட்டினேன். அக்கா கண்ணாடியில் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார். மேடம் பக்கத்தில் நின்று பளிச்சென்ற வெள்ளையைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தார்.

"இது வேண்டாம்" என்று அக்கா அதைத் தள்ளிவைத்தார். "கடன் வாங்கிக் கட்டின வீடு மாதிரி இருக்கு. என் வயசுக்கு ஏத்த மாதிரி ஒன்னு கொடுங்க டாக்டர்."

கொஞ்சம் மங்கலான ஒன்றை எடுத்தோம். பத்து நாளில் பல் தயாராகி வந்தது. பொருத்தி முடித்ததும் அக்கா இரண்டு தடவை கடித்துப் பார்த்தார், நாக்கால் தடவிப் பார்த்தார், பிறகு எங்கள் இருவரையும் பார்த்து வாயை மறைக்காமல் சிரித்தார். மேடம் பக்கத்திலிருந்த முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, "இன்னொரு தடவை சிரி" என்றார்.